போர்டிகோவில் ஒட்டிய கண்ணாடி

மண்டப முதலாளியே, அந்தக் கண்ணாடித் துண்டைப் பிடுங்கச் சொன்னது நீங்கள்தான்.

ராஜபாளையத்துப் பழைய பங்களாவைக் கல்யாண மண்டபமாக்கியபோது உங்களுக்குப் பெருமையே அதன் போர்டிகோதான். நான்கு கனத்த தூண்கள், மேலே தளம். அந்தக் காலத்தில் குதிரை வண்டி வந்து நிற்கக் கட்டியது. இப்போது மாப்பிள்ளை கார் நிற்கிறது. அதைத் தினமும் கூட்டுகிறவள் நான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன்.

மார்கழி பிறந்ததும் ஒருநாள் தரையில் வெள்ளைப் பொடி கிடந்தது, கோலமாவு சிந்தியது போல. கூட்டினேன். மறுநாளும் அதே இடத்தில், அதே நீளத்துக்குக் கிடந்தது. மார்கழியில் ஏது கல்யாணம்? ஆள் வரவில்லை, வண்டி வரவில்லை. தூண் தலையில் இருந்த புறாக்கள் முட்டையை விட்டுவிட்டுப் போயிருந்தன. மத்தியானத்தில் மேலே யாரோ பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம். நான் நிமிர்ந்தால் நின்றுவிடும்.

வெள்ளையடிக்க வந்த கொத்தனாரிடம் காட்டினேன். ஏணியில் ஏறி, தளத்தின் அடியில் ஓடிய விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டினார்.

“இது எதுக்குண்ணே?”

“விரிசல் செத்துருச்சா, உசுரோட இருக்கான்னு பாக்கதுக்கு, தாயி. கண்ணாடி ஒடஞ்சா அது நடக்குன்னு அர்த்தம்.”

“நடந்து எங்க போவும்?”

“கீழதான்.” அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. மேனேஜரிடம் சொன்னேன். “ஏட்டி, தை பொறக்கப் போவுது. சீசன் நேரத்துல பீதியக் கெளப்பாத” என்றார். மறுநாள் கண்ணாடி இல்லை; நீங்கள் சொல்லித்தான் பிடுங்கினார்களாம். விரிசலும் இல்லை. சந்தனக் கலர் பெயிண்ட் அடித்திருந்தது. இரண்டு நாள் கழித்துப் பொடி மறுபடி விழுந்தது, சந்தன நிறத்தில்.

தையில் என் மகளுக்கு அங்கேதான் கல்யாணம். மண்டபத்தைச் சும்மா தருகிறேன் என்று நீங்கள் சொன்னபோது கை கூப்பினேன். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. சமையல்கட்டு வாசல் வழியாகப் பெண்ணைக் கூட்டிப்போனால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? முன்வாசல் வழியாகப் போனால் அந்தத் தளத்துக்கு அடியில்தான் அவள் கார் நிற்க வேண்டும். இதை உங்களிடம் கேட்டதற்கு நான் நன்றி கெட்டவளாம்.

இருந்துவிட்டுப் போகிறேன். நாங்கள் எல்லோரும் ரோட்டில் நிற்கிறோம். நீங்கள் மட்டும் தளத்துக்கு நேர் கீழே வந்து நின்று, ஊர் கேட்கச் சொல்லுங்கள்: கண்ணாடி உடைந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?