காஜா பாயிடம் இருக்கும் என் வீட்டுச் சாவி

காஜா பாய் இறந்துவிட்டார். நேற்று... தையல் மிஷின் முன்னாலேயே.

பதற்றத்தில் எதையாவது விட்டுவிடுவேன். அதனால் எழுத வேண்டியதை வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. பாய்.
2. சாவி.
3. எங்கள் தெருவில் திருட்டே நடந்ததில்லை என்பது.

பாரிவாக்கத்தில் எங்கள் தெருமுனையில் அவர் கடை. யார் வெளியூர் போனாலும் வீட்டுச் சாவி அவரிடம்தான். அந்த வீட்டுக்குத் தைத்ததில் மிஞ்சிய துணியைச் சாவியில் கட்டி, ஆணியில் மாட்டிவிடுவார்.

என் மாற்றுச் சாவி எப்போதும் அங்கேதான். பச்சைத் துணி... என் மனைவிக்குக் கடைசியாகத் தைத்த ரவிக்கை.

புதுமுகம் யாராவது தெருவுக்குள் வந்தால் மிஷின் சத்தம் நின்றுவிடும். ஒருமுறை என் மருமகனையே நிறுத்திவைத்து எனக்கு போன் செய்தார்.

"சார், உங்க மாப்பிள்ளன்னு சொல்லிகினு ஒருத்தர் வந்துகீறாரு. உள்ள வுடவா?"

வானகரத்தில் செயின் பறிப்பு என்று பேப்பரில் படித்துவிட்டு நடுங்கிக்கொண்டு அவரிடம் போவேன். அது வானகரம் சார், இங்க இன்னா கீது என்பார். தனியாக இருக்க வேண்டாம், வந்துவிடுங்கள் என்று மகள் கூப்பிடும்போதெல்லாம் நானும் அதையே சொல்லிச் சமாளித்தேன்.

நேற்று அடக்கம் முடிந்து வந்ததிலிருந்து கதவைத் தாழ் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பைக் ஏதாவது மெதுவாகப் போனால் எழுந்துபோய்த் தாழைத் தொட்டுப் பார்க்கிறேன்.

தெரு வாட்ஸ்அப் குரூப்பில் காலையிலிருந்து திருட்டு வீடியோக்கள். எந்த ஊர் என்றுகூட யாரும் கேட்கவில்லை.

இதுவரை எழுதியபோது காலிங் பெல் அடித்தது. கதவைத் திறக்காமல் ஜன்னல் பக்கம் போனேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு கை பச்சைத் துணியைத் தூக்கிக் காட்டியது... பாயின் மகன்.

சாவியைக் கொடுத்துவிட்டு, கதவுக்கு இன்னொரு பூட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஏன் என்றேன்.

"போன வருசம் நீங்க பொண்ணு ஊட்டுக்குப் போயிருந்தீங்களே, அப்ப எதிர்ல ரெண்டு ஊட்டுல பூட்டை உடைச்சிட்டாங்க சார். தெரிஞ்சா சார் பயந்துகினு ஊட்டைக் காலி பண்ணிடுவாரு, அவர் காதுல போடாதீங்கன்னு அத்தா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. நீங்க வர்ற வரைக்கும் உங்க ஊட்டு வாசல்லதான் படுத்துகினாரு."

அவர் போனதும் மறுபடி தாழ் போட்டுக்கொண்டேன். மகள் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். இன்னும் எடுக்கவில்லை. என்ன சொல்வது...

போய் வாருங்கள் பாய். சாவி மேஜைமேல் இருக்கிறது. இனி யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.