ஐந்தாவது சுவிட்ச்

"யாருய்யா அது லைட்டை அணைச்சது? உள்ளே ஆள் இருக்கேன்!"

குளியலறைக்குள்ளிருந்து வந்த அலறலில், புது வீடு பார்க்க வந்திருந்த விருந்தாளிகள் அத்தனை பேரும் தட்டும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தவர் வீட்டுக்காரர். வெளியே சுவரோரமாக, சூடு பட்டதுபோலக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு நின்றவள் அவருடைய மைத்துனன் மனைவி. அவளை ஆபீஸில் எல்லோரும் கூப்பிடுவது சுவிட்சக்கா என்றுதான். நாமும் அப்படியே கூப்பிடுவோம், அந்தப் பெயரை அவள் பாடுபட்டுச் சம்பாதித்திருக்கிறாள்.

"வேற யாரு? எங்கண்ணிதான்!" என்று நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கதவிடுக்குல வெளிச்சம் தெரிஞ்சா போதும், அண்ணிக்குக் கை சும்மா இருக்காது."

சுவிட்சக்காவின் மகள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகும் பெண், இருபத்துநாலு வயது. முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம்தான் போன் போட்டுக் கெஞ்சியிருந்தாள்: "அம்மா, நாளைக்கு அத்தை வீட்டுல தயவுசெஞ்சு எதையும் அணைக்காதே. மிச்சமானதை டப்பாவுல கேக்காதே. என் மானத்தை வாங்காதே." அம்மாவும் சரி சரி என்றுதான் தலையாட்டினாள். ஆனால் தலை சொன்னதை அந்தக் கை என்றைக்குக் கேட்டது?

அவளைக் கஞ்சத்தனம் பிடித்தவள் என்று நினைத்துவிடாதீர்கள், எனக்குக் கோபம் வரும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாக ஓடுவாள். வீணாகப் போவதைக் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்குத் தாங்காது, அவ்வளவே. தேய்ந்த சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்டுவாள். பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டித் திறந்து, இன்னும் நாலு நாள் ஓட்டுவாள். துணி அலசின தண்ணீர் தரைக்குப் போகும், தரை துடைத்த தண்ணீர் செடிக்குப் போகும். இதற்காக ஆபீஸில் ஒரு பாராட்டுப் பத்திரம்கூடக் கொடுத்திருக்கிறார்கள், "மின்சாரச் சிக்கனத்துக்காக" என்று கொட்டை எழுத்தில் போட்டு. கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டி வைத்தாள். மகள் தன் சிநேகிதிகள் வருகிறார்கள் என்று ஒருநாள் அதைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வீட்டுக்காரர் ஒருவழியாக வெளியே வந்தார். கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"ஏம்மா, உங்க ஆபீஸ்லயும் இப்படித்தானா? போற போக்குல எல்லாத்தையும் டக்கு டக்குன்னு அணைச்சிடுவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

டக், டக், டக், டக், டக்.

ஐந்து. முந்தின நாள் சாயங்காலம் ஐந்து தடவை சத்தம் கேட்டதே! நாலுதானே கேட்டிருக்க வேண்டும்?

அவள் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர். பெருக்கித் துடைப்பது, கண்ணாடிச் சாமான் கழுவுவது, கடைசியாக எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிவிட்டுப் போவது அவள் வேலை. இரண்டாம் மாடி நடையில், கடைசி அறைக்கு வெளியே ஒரு சுவிட்ச் பலகை. அதில் ஐந்து சுவிட்ச். நாலு அவளுடையது, விளக்கும் மின்விசிறியும். ஐந்தாவதற்கு மேலே சிவப்புக் காகிதத்தில் "தொடாதீர்கள்" என்று ஒட்டியிருக்கும். அது அறைக்குள் இருக்கும் பெரிய உறைபெட்டியுடையது. மைனஸ் எண்பது டிகிரிக் குளிரில் இரவும் பகலும் ஓடும் பெட்டி. உள்ளே ஆற்றுச் சேற்றிலிருந்து எடுத்த கிருமிகள், விரல் நீளக் குப்பிகளில், ஆயிரக்கணக்கில். அத்தனையும் ஓர் ஆராய்ச்சி மாணவியின் நாலு வருஷ உழைப்பு. அந்தப் பெண் இவளை அக்கா என்பாள், இவள் அவளைப் பாப்பா என்பாள். மத்தியானத்தில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இன்னும் ஆறு மாதத்தில் பட்டம். "இதுல ஒரு குப்பி போனாலும் நான் திரும்ப ஆத்துல எறங்கணும்க்கா" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

நேற்று அணைக்கும்போது காதில் போன் இருந்தது. மகளுடைய போன். எதையும் அணைக்காதே, அணைக்காதே என்று அவள் சொல்லச் சொல்ல, இவள் மனசு கோணிப்போய், கை தன்பாட்டுக்கு வரிசையாக இறங்கிக்கொண்டே போயிற்று. நாலில் நின்றதா? ஐந்துக்குப் போனதா? யோசிக்க யோசிக்க ஐந்தாகவே கேட்டது.

இன்று ஞாயிறு, திங்கட்கிழமை வேறு விடுமுறை. செவ்வாய்க்கிழமைதான் ஆள் வரும்.

தட்டைக் கீழே வைத்தாள். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. அவள் தட்டில் மிச்சம் வைத்து அவள் புருஷன் பார்த்ததே இல்லை. "ஏன், என்ன ஆச்சு?" என்று பதறி எழுந்தார்.

"ஒண்ணுமில்லங்க. ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

மகள் பின்னாலேயே வாசலுக்கு ஓடி வந்தாள். "கோச்சுக்கிட்டுப் போறியா? நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லலையேம்மா!"

"அதில்லடி." விஷயத்தைச் சொன்னாள். "அந்தப் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டேன்னு நெனைக்கறேன்."

மகள் உடனே போனில் டாக்சி கூப்பிட்டாள். இதற்கு முன்னால் டாக்சி என்றாலே "காலு எதுக்கு இருக்கு?" என்று கேட்கும் சுவிட்சக்கா, கதவு திறந்ததும் முதலில் ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஓட்டுநரின் தோளைத்தான் பார்த்தாள், மீட்டரைப் பார்க்கவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோது "போலாம்ல, யாரும் வரலையே" என்றாள். சிவப்பு விளக்கு என்று மகள் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

"அந்த ஆராய்ச்சி பண்ற அக்காவுக்கு ஒரு போன் போட்டுடேன்."

"பாத்துட்டுப் போடறேன். நாலாக்கூட இருக்கும். எனக்குத்தான் அஞ்சுன்னு கேக்குதோ என்னவோ." மடியில் கிடந்த வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்றிருந்தது அவளுக்கு.

வாசல் காவலாளி அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "என்னம்மா, லீவு நாள்ல?"

"ஒண்ணு மறந்துட்டேன்ணே."

"லைட்டையா? நீயா? மழைதான் வரப்போவுது" என்று சிரித்தபடி படிக்கட்டுக் கதவின் சாவியைக் கொடுத்தார். மற்ற நாளாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பாள். இரண்டிரண்டு படியாக ஏறினாள். மூச்சு வாங்கியது. நடையில் ஜன்னல் கிடையாது, மகள்தான் போன் வெளிச்சத்தைச் சுவிட்ச் பலகை மேல் அடித்தாள்.

ஐந்தும் அணைந்திருந்தன.

சுவிட்சக்கா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உறைபெட்டி அறையின் சாவி மட்டும் அந்த ஆராய்ச்சிப் பெண்ணிடம்தான் உண்டு. நேற்று சாயங்காலம் ஐந்தரை மணி, இப்போது மத்தியானம் இரண்டு மணி. ஐஸ் தண்ணீராக ஓடி முடிந்திருக்கும். "போச்சு, எல்லாம் போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சட்டென்று எழுந்து ஐந்தாவது சுவிட்சைப் போட்டாள். இருட்டில் அந்த ஒரு சத்தம் பெரிதாகக் கேட்டது.

மகள் நடையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, வா போயிடலாம்."

"போறதா?"

"சுவிட்ச் போட்டாச்சுல்ல? கரண்ட் போயிடுச்சுன்னு நெனைச்சுப்பாங்க. யாரு பாத்தா? வேலை போயிடும்மா உனக்கு. ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு."

பொய்யில்லை. யாரும் பார்க்கவில்லை. சுவிட்சக்காவுக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது, வரவில்லை என்று நான் பூசி மெழுக மாட்டேன். படிக்கட்டு வரைக்கும் நாலு எட்டு நடக்கவும் செய்தாள். அப்புறம் செவ்வாய்க்கிழமை மத்தியானத்தை நினைத்துப் பார்த்தாள். அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து அழும், இவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுப்பாள், இதே கையால்.

"போன் போடுடி" என்றாள். "ஸ்பீக்கர்ல போடு."

மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

"அக்கா! என்ன லீவு நாள்ல?"

"பாப்பா, நான்தாம்மா அமுத்திட்டேன். நேத்து சாயங்காலம். அந்த அஞ்சாவது சுவிட்சை. இப்பத்தான் வந்து போட்டேன். கரண்ட்டெல்லாம் போகலம்மா, நான்தான். என் கைதான். என்னை என்ன வேணா சொல்லு, ஆனா உடனே கெளம்பி வா, ஏதாவது தப்பிச்சிருக்கான்னு பாரு..."

அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அக்கா, அழாதீங்க. ஒண்ணும் ஆகல. அந்த சுவிட்சுல கனெக்‌ஷனே இல்லக்கா."

"என்னம்மா சொல்றே?"

"நான் சேந்த மொத வாரமே எலக்ட்ரீஷியனை வெச்சு அறைக்குள்ளேயே பெட்டிக்கு நேரா லைன் இழுத்துட்டேன். எல்லாரும் சொன்னாங்க, சுவிட்சக்கா கை சும்மா இருக்காது, பாத்துக்கோன்னு. உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு, அப்பறம்... சொல்லவே இல்ல. மன்னிச்சிடுங்கக்கா."

மகள் ஓடிப்போய் அறைக் கதவில் காதை வைத்தாள். உள்ளே பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. "ஓடுதும்மா! ஓடுது!" என்று கத்தினாள்.

சுவிட்சக்கா "நல்லது பாப்பா, நல்லது. நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். பதிலைக் கேட்டுக்கொண்டு போனை வைக்கச் சொன்னாள். நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கினது நிஜம்தான். ஆனால் அது இறங்கின இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

சிவப்புக் காகிதத்தின் மேல் படிந்த தூசியை விரலால் துடைத்தாள்.

"நாலு வருஷம்டி. தெனமும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, கை படாம, இதைச் சுத்தித் தொடச்சேன். ஒருநாள்கூட ஒரசல."

பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஓடிவிடலாம் என்று சொன்ன மகளுக்கு இப்போது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அதெப்படிம்மா உன்னை நம்பாம, உனக்கே தெரியாம? பேசறேன் இரு அவங்ககிட்ட!"

"விடு. அமுத்தத்தானே அமுத்தினேன். அவ நம்பாததுதான் நல்லதாப் போச்சு."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் அம்மாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியிடத்தில் அம்மா கையைப் பிடித்து அவளுக்குப் பல வருஷம் ஆகியிருந்தது. கிளம்பும்போது பலகையைப் பார்த்து, "அஞ்சாவதை அணைக்கலையா நீ?" என்று கேட்டாள்.

சுவிட்சக்கா திரும்பிப் பார்த்தாள். ஒன்றுக்கும் உதவாத அந்தச் சுவிட்ச் போட்டது போட்டபடி இருந்தது. கை ஒரு தரம் எழும்பியது.

"இருக்கட்டும்" என்றாள். "செவ்வாக்கெழமை அவளே வந்து அணைக்கட்டும்."