கழுதை கொடுத்த யோகம்

சென்ற ஆண்டு ஆவணி மாதம் அது நடந்தது. இடம், சென்னையில் ராணுவ மருத்துவர்கள் அமர்ந்திருந்த ஓர் அறை. ஆனால் கதை தொடங்குவது தேனியை ஒட்டிய எங்கள் பழனிசெட்டிபட்டியில்.

எங்கள் தெருவில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவரை எல்லோரும் பட்டாளத்தண்ணன் என்றுதான் அழைப்போம். அறுபதைத் தாண்டியவர். இமயமலைப் பக்கம் பணியில் இருந்தபோது மேலும் கீழும் முன்பற்கள் போய், கீழ்த்தாடையில் ஒரு துண்டு எலும்பையும் இழந்தவர். எப்படி என்று கேட்டால், "குண்டுச் சிதறல்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

ஊரில் நடப்பதை மாதம், கிழமையோடு எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. வைகை அணை எந்த வருடம் நிரம்பியது என்று பந்தயம் கட்டுகிறவர்கள் என்னிடம்தான் வருவார்கள். அண்ணனுடைய குண்டுச் சிதறலையும் நம்பி எழுதிவைத்திருந்தேன்.

பல் இல்லாததால் அவர் வாயில் 'ச' எல்லாம் 'த' ஆகிவிடும். வருசநாடு, வருதநாடு ஆகும். இங்கே அவர் பேச்சைத் திருத்தியே எழுதுகிறேன். ஒரே ஒரு சொல்லை மட்டும் திருத்த முடியாது. காரணம் போகப் போகத் தெரியும்.

வயதாக ஆகத் தாடை தொந்தரவு கொடுக்கவே, ஊன ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தார். பல் போனதற்கென்று மட்டும் ஊன விழுக்காடு போடமாட்டார்கள், தாடை எலும்பு சேதமா, பல்செட்டு வைத்தும் மெல்ல முடியவில்லையா, அது பணியால் நேர்ந்ததா என்று பார்ப்பார்கள் என எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பழைய மருத்துவமனைக் காகிதங்கள் கிடைக்கவில்லை. முதல் பரிசோதனையில், 'பணியால் நேர்ந்ததல்ல' என்று முடிவாகிவிட்டது.

அந்த ஒரு வரிதான் அவரை வாட்டியது. கடைத்தெருவில், "பொயலை போட்டு விழுந்த பல்லுக்குப் பட்டாளத்து மேல பழியப் போடுறாரு" என்று கேலி பேசினார்கள். மேல்முறையீட்டில் மறுபடி கூப்பிட்டபோது, அதுவே கடைசி வாய்ப்பு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். போடி ரயிலில் மூன்று பேர் கிளம்பினோம். அண்ணன், அவர் மனைவியான மதினி, நான்.

மதினி கம்பத்துக்காரர். அவருடைய அப்பா கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்குக் காய்கறி ஏற்றி வியாபாரம் செய்தவர். அதனால் மதினிக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு.

அண்ணன் பேச்சு சரியாகப் புரியவில்லை என்று மருத்துவர்கள் எங்கள் இருவரையும் உள்ளே அழைத்தார்கள். மதினி நுழைந்ததும் அண்ணன் முகம் வெளிறியது எனக்கு அப்போது விளங்கவில்லை. கேள்வி கேட்டவர் மலையாளிப் பெண் அதிகாரி. காயம் எப்படி ஏற்பட்டது என்று இந்தியில் கேட்டார். அண்ணன் மதினியை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்தியில் மளமளவென்று ஏதோ சொன்னார். என்னுடைய அரைகுறை இந்திக்குப் பனி, சரிவு, ரேஷன் மூட்டை வரை எட்டியது. நடுவில், "கத்தர்" என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "கத்தரா? கத்தருக்கு எதுக்குப் போனீங்க? அது வளைகுடா நாடாச்சே!"

"கத்தர் மேடம்! கத்தர்!"

"பட்டாளத்துல இருந்தப்பவா கத்தருக்குப் போனீங்க?"

மேசைக்குப் பின்னால் இருந்த மற்ற இரு மருத்துவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு முறை புரியாமல் போனால் எல்லாம் முடிந்தது. அண்ணன் கண்ணை இறுக மூடினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் காதுகளாக நிறுத்தினார். பிறகு அந்த அறையே அதிரும்படி, கனைப்பும் கத்தலும் கலந்த ஒரு சத்தம் போட்டார். வாசலில் நின்ற சிப்பாய் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

அதிகாரி தன்னை மறந்து தாய்மொழிக்குத் தாவினார். "அய்யோ, கோவர் கழுதயாணோ?"

கச்சர்! இந்தியில் கோவேறு கழுதை. பல் இல்லாத வாயில் அது கத்தர் ஆகிவிட்டது.

மதினி நிமிர்ந்து உட்கார்ந்தார். "கழுதையா? ஏங்க, குண்டுன்னுல்ல சொன்னீக?"

அண்ணன் தலை குனிந்தார். "கழுதைகிட்ட உதை வாங்குனவன்னு தெரிஞ்சா நீ என்ன நெனப்பேன்னுதான்..."

பிறகு தமிழிலேயே முழுதும் சொன்னார். மலையுச்சியில் இருந்த காவல் முகாமுக்கு ரேஷன் சுமந்து போன கோவேறு கழுதை பனிச்சரிவில் கால் இடறித் தொங்கியிருக்கிறது. சுமையை அவிழ்த்தால்தான் பிழைக்கும். பின்னால் போனால் உதைக்கும் என்று தெரிந்தே போய், வாரை அறுத்துவிட்டிருக்கிறார். அது மேலே ஏறிய வேகத்தில் முகத்தில் உதைத்துவிட்டது.

நான் திக்கித் திணறி இந்தியில் மொழிபெயர்க்க, அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கழுதை பிழைச்சுதா?"

"பொழச்சுது மேடம். மறுநாளே ரேஷன் கொண்டு போச்சு."

மதினிக்கு அதுவரை அடக்கிய சிரிப்பு உடைந்தது. "நம்ம ஊர்ல கடைக்குக் கடை கழுதைப் படத்த மாட்டி, 'என்னைப் பார் யோகம் வரும்'னு எழுதி வச்சுக் காத்துக் கெடக்காக. உங்களுக்கு அது நேருலயே வந்து யோகத்த எத்திட்டுப் போயிருக்கு. இதப் போயி மறச்சீகளே!"

அதிகாரி சிரிப்புக்குக் காரணம் கேட்க, மதினி மலையாளத்தில் அந்தப் படத்தின் மகிமையை விளக்கினார். அதிகாரி அதை மற்ற இருவருக்கும் இந்தியில் சொல்ல, மூன்று மருத்துவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பரிசோதனை தொடர்ந்தது. "சாப்பிட முடிகிறதா?" என்று கேட்டதும் அண்ணன் விறைப்பாக நிமிர்ந்து, "எல்லாம் சாப்பிடுவேன் மேடம்!" என்றார்.

மதினி விடவில்லை. "ஒரு பொய்யி போதும். பல்செட்டு நிக்கவே மாட்டேங்குது. முறுக்க இடிச்சுப் பொடியாக்கித்தான் குடுக்கேன்" என்று பையிலிருந்த டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தார். அதிகாரி ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுவிட்டுத்தான் தாடையைச் சோதித்தார்.

திரும்பும்போது ரயிலில் அண்ணன் மெதுவாகச் சொன்னார். "மொதத் தடவ வழுக்கி விழுந்தேன்னு சொல்லிட்டேன் தம்பி. அந்த ரூம்புல நம்ம சின்னமனூர்க்காரன் ஒருத்தன் நின்னுக்கிட்டிருந்தான். ஊருக்குத் தெரிஞ்சிருமேன்னுதான்." மதினி தலையில் அடித்துக்கொண்டார். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்வரை மூவரும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

தை பிறந்து முதல் வாரத்தில் உத்தரவு வந்தது. காயம் பணியால் நேர்ந்தது என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். விழுக்காடு எவ்வளவு என்பது அவர்கள் வீட்டு விஷயம், எழுதமாட்டேன். அன்றே மதினி தேனி கடைத்தெருவில் கழுதைப் படம் ஒன்று வாங்கி, அண்ணன் கடையில் மோட்டார்களுக்கு மேலே மாட்டினார். கேலி பேசியவர்கள் இப்போது கதை கேட்க வருகிறார்கள். அண்ணன் சலிக்காமல் சொல்கிறார். முடிவில் அந்தச் சத்தமும் உண்டு. தெருக்கோடி வரை கேட்கும்.

நானும் 'குண்டுச் சிதறல்' என்று எழுதியதை அடித்துவிட்டு, 'கோவேறு கழுதையைக் காப்பாற்றியபோது' என்று திருத்தி எழுதினேன். அந்தக் கடையைக் கடக்கும்போதெல்லாம் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போகிறேன். எனக்கு இன்னும் யோகம் வரவில்லை. ஆனால், ஊர் சிரிக்குமே என்று ஒருவர் ஒளித்துவைத்திருக்கும் கதைதான் ஊரே சேர்ந்து கொண்டாட வேண்டிய கதையாக இருக்கலாம் என்ற நினைப்பு மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.