கடைசி அரை மணி நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை புது தியேட்டரில் பார்த்த படத்தில் ஹீரோ சுட்டார், சுட்டார், சுட்டுக்கொண்டே இருந்தார். வில்லனுக்கு மூன்று ஃப்ளாஷ்பேக் வைத்த டைரக்டர், ஹீரோவுக்கு ஒரு வேலைவெட்டி வைக்க மறந்துவிட்டார். அந்த ஆள் சோற்றுக்கு என்னதான் செய்கிறார் என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனாலும் எழுந்து வர மனசில்லை. படம் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் திரையில் கடைசிப் பெயர் ஓடி முடிகிறவரை உட்கார்ந்திருப்பது என் வழக்கம். துடைப்பத்தோடு வந்த அம்மா, "படம் முடிஞ்சிடுச்சி சார், எழுந்துக்கோங்க" என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

படம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போதே என் முன் வரிசையில் ஒரு குடும்பம் எழுந்து போய்விட்டது. அப்புறம் போனால் பார்க்கிங்கில் மாட்டிக்கொள்வோம் என்று பேசிக்கொண்டு போனார்கள். எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிவிட்டது. பின்னாலேயே ஓடிப்போய் அந்த மனிதரை வாசலில் நிறுத்தி, முடிவைச் சொல்லிவிட்டு வரலாமா என்றுகூடத் தோன்றியது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். ஐம்பதைத் தாண்டிய ஒருவன் இப்படி ஊரான் பின்னால் ஓடினால் என்ன நினைப்பார்கள்? இந்த வியாதி எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அந்தப் புது தியேட்டரில் பாப்கார்ன் வாசனை மட்டும்தான் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பழைய தியேட்டரில் பீடிப்புகை, வறுத்த மல்லாட்டைக் கடலை, பினாயில், அதற்கும் அடங்காத மூத்திர நாற்றம் என்று எல்லாம் கலந்து கிடக்கும். ஒரு நாள் மேட்னியில், இதற்கெல்லாம் நடுவில், கற்பூர வாசனை வந்தது. எனக்குப் பக்கத்து சீட்டிலிருந்துதான். திரும்பிப் பார்த்தால், தலையில் துண்டைப் போட்டுக் குடுமியை மூடிக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் என் காதோரம் குனிந்து கேட்டார்:

"சார், நீங்க கடைசிவரைக்கும் இருப்பேளா?"

"இருப்பேன் சாமி. காசு குடுத்திருக்கேனே."

"அப்போ ஒரு உபகாரம். நாளைக்கு மத்தியானம் அய்யங்குளத்துப் படிக்கட்டுக்கு வந்து முடிவை மட்டும் சொல்லிடுங்கோ. எனக்கு சாயரட்சைக்கு நாழியாச்சு."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். அவர்தான் ராஜப்பா. அண்ணாமலையார் கோயிலில் பூஜை செய்கிற குருக்கள். என்னைவிட ஐந்தாறு வயசு பெரியவர். மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கிற நேரத்தில்தான் அவருக்குச் சினிமா. படம் முடிகிறவரை இருந்தால் வீட்டுக்குப் போய்க் குளித்து, ஈரவேட்டியோடு சாயங்காலத்துச் சாயரட்சை பூஜைக்குப் போய்ச் சேர முடியாது. ஆகவே அந்த மனிதர் தன் வாழ்நாளில் தியேட்டரில் எந்தப் படத்தின் கடைசி அரை மணி நேரத்தையும் பார்த்ததில்லை. அது அவரே சொன்னது.

நான் அப்போது செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜில் சேர்ந்திருந்த புதிது. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்கள் கொல்லையில் களை பிடுங்கப் பயந்து ஓடிவந்தவன். விடியற்காலை நாலு மணியிலிருந்து மத்தியானம் ஒரு மணிவரை வேலை. எங்கெங்கிருந்தோ மனசை அடக்குவதற்கென்று வந்து தங்கியிருப்பவர்களுக்கு வெந்நீரும் சாவியும் கொடுப்பேன். ஒரு மணி ஆனதும் என் மனசை அவிழ்த்துவிட்டு மேட்னிக்கு ஓடுவேன். ராஜப்பாவைப் பார்த்த பிறகு தனியாகப் போவது நின்றது. வாரம் ஒரு படம். அடுத்த நாள் குளத்துப் படியில், நிழல் விழுகிற மூலையில், நான் முடிவைச் சொல்வேன். "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் அப்படிக் கேட்கக் கேட்க எனக்கு ஒன்றரை ஆள் பலம் வந்துவிடும். வீட்டில் நான் வாயைத் திறந்தால் எழுந்து போகிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன்.

ஒரு வாரம் நான் தியேட்டரிலேயே தூங்கிவிட்டேன். மூன்றரை மணிக்கு எழுகிற உடம்பு, என்ன செய்யும்? விளக்கு போட்டபோதுதான் கண் விழித்தேன். அடுத்த நாள் ராஜப்பா ஆசையாகக் காத்திருந்தார். தூங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வாய்க்கு வந்ததை அளந்தேன். செத்துப்போன போலீஸ்காரர் சாகவே இல்லை, பால்காரராக வேஷம் போட்டுக்கொண்டு அந்தத் தெருவிலேயேதான் இருந்தார் என்றேன்.

"அடேயப்பா! இந்த டைரக்டருக்கு என்ன மூளைடா!" என்றார் ராஜப்பா.

அவ்வளவுதான், எனக்கு ருசி கண்டுவிட்டது. அதற்குப் பிறகு விழித்திருந்து பார்த்த படங்களுக்கும் என் கைச்சரக்கைச் சேர்க்க ஆரம்பித்தேன். மொக்கையான முடிவை நல்லதாக்கினேன். அநியாயமாகச் செத்தவர்களை எழுப்பினேன். என் முடிவுகளுக்காக அவர் யார் யாரையோ பாராட்டினார். நான் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொள்வேன். கர்வம்தான், வேறென்ன? இப்படியே எட்டொன்பது வருஷம் ஓடியது.

ராஜப்பாவுக்கு ஒரு அண்ணன். கோயிலில் இன்னின்ன நாள் பூஜை இன்னின்ன வீட்டாருக்கு என்று பிரித்திருப்பார்கள். அதை முறை என்பார்கள். தன் முறை இல்லாத நாளிலும் ராஜப்பா அடுத்தவருக்கு உதவியாகப் பூஜைக்குப் போய்விடுவார். அப்பா இறந்த பிறகு அந்த முறையைப் பங்கு போட்டதில் அண்ணன் தம்பிக்குள் வாய்த்தகராறு. அண்ணன் கோபத்தில் தன் முறையைத் தம்பியிடம் கொடுக்காமல் ஒரு பங்காளியிடம் விட்டுவிட்டு, சென்னையில் ஏதோ கோயிலுக்குப் போய்விட்டார். அதிலிருந்து பேச்சு இல்லை. இதை ராஜப்பா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அன்றைக்கு அவர் சினிமாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அப்போது பார்த்து ஒரு படம் வந்தது. மரக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி; சண்டை போட்டுப் பிரிகிறார்கள். அண்ணன் படுக்கையில் விழுகிறார். போகலாமா, அவனாகக் கூப்பிடட்டும் என்று இருக்கலாமா என்று தம்பி தன் வீட்டு வாசலில் நிற்கிறான். அந்த இடத்தில் சாயரட்சைக்கு நேரமாகிவிட்டது. ராஜப்பா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "நன்னா கவனிச்சுப் பாருடா" என்று என் தோளை அழுத்திவிட்டுப் போனார்.

நன்றாகத்தான் கவனித்தேன். தம்பி போகவில்லை. அண்ணன் கூப்பிடட்டும் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தான். சேதி வந்து ஓடுகிறபோது சுடுகாட்டில் புகை மட்டும் இருந்தது. படம் முடிந்துவிட்டது.

அடுத்த நாள் எனக்கு முன்னாலேயே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "அண்ணா என்ன ஆனான்?" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் புகையைச் சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் படுக்கையிலிருந்து எழுந்து, குச்சி ஊன்றிக்கொண்டு, தானே தம்பி வீட்டு வாசலுக்கு வந்து "சாப்ட்டியாடா?" என்று கேட்டார் என்றேன். ராஜப்பா மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "பெரியவன்னா அப்படித்தான்டா இருக்கணும். எங்கண்ணாவும் வருவான், பாரு" என்றார்.

அடுத்த வருஷம் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று மன்னி போன் செய்தார்.

"ஒரு நடை போய்ட்டு வாயேன் சாமி" என்றேன்.

"அவன் வருவான்டா. அவன்தான் வரணும். படத்துல பாத்தியோன்னோ."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. இத்தனை நாள் அளந்ததெல்லாம் தெரிந்துவிடுமே என்று விழுங்கிவிட்டேன். இரண்டு வாரத்தில் அண்ணன் போய்விட்டார். இவர் விழுந்தடித்துக்கொண்டு சென்னை போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், நான் வேலை செய்யும் லாட்ஜுக்கு ராஜப்பா வந்தார். அதற்கு முன் அங்கே வந்ததே இல்லை. முந்தின நாள் ராத்திரி டிவியில் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். முழுசாகப் பார்த்துவிட்டு, காலைப் பூஜை முடிந்ததும் நேராக வந்திருக்கிறார்.

"படத்துல அவன் வரவே இல்லையேடா" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அன்னிக்கி தூங்கிட்டேன் சாமி" என்றேன். அந்த நேரத்திலும் ஒரு பொய். எனக்கே என்மேல் காறித் துப்பலாம் போலிருந்தது.

"நெஜத்தைச் சொல்லியிருந்தா அன்னிக்கே பஸ் ஏறியிருப்பேன்டா" என்றார். கத்தவில்லை. சாவி வாங்க நின்றிருந்த வெள்ளைக்காரருக்கு வழிவிட்டு ஒதுங்கி, அப்படியே படியிறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் சினிமாவுக்கு வரவில்லை. குளத்துப் படிக்கட்டில் நான் மூன்று மாதம் போய் உட்கார்ந்து பார்த்தேன்.

இப்போது அதே லாட்ஜில் மேனேஜராக இருக்கிறேன். கல்யாணம் என்ற ஒன்று என் பக்கம் வரவே இல்லை. பழைய தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் ஆக்கிவிட்டார்கள். இந்த மாதம் ஒரு பேய்ப் படம் பார்த்தேன். முடிவு இரண்டாம் பாகத்தில் வருமாம். முடிவே இல்லாமல் காசு வாங்குகிறார்கள், கேட்க நாதியில்லை! போன வாரம் அறையில் படுத்துக்கொண்டு போனில் ஒரு மலையாளப் படம் பார்த்தேன். ரிட்டையரான தபால்காரர், பேச ஆளில்லாமல், ஊரில் பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கெல்லாம் தானே கடிதம் எழுதிப் போடுகிறார். இதுவல்லவா படம்! கடைசியில் ஒரு பூட்டிய வீட்டிலிருந்து அவருக்கு ஒரு பதில் வருகிறது. யார் எழுதியது என்று காட்டவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதேன். இதில் நான் திருத்துவதற்கு ஒரு எழுத்துகூட இல்லை. யாரிடமாவது இதை அப்படியே, உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும்போல் இருந்தது. இருநூறு பேர் நம்பர் இருக்கிற போனில் மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனேன். வரிசை மெதுவாக நகர்ந்தது. ராஜப்பாதான் விபூதி கொடுத்துக்கொண்டிருந்தார். குடுமி முழுக்க வெளுத்துவிட்டது. கையை நீட்டினேன்.

"சாமி, ஒரு படம் பாத்தேன். நெஜமாவே நல்ல படம். முடிவு…"

என் உள்ளங்கையில் விபூதியைப் போட்டார். என் முகத்தைப் பார்த்தார். மூச்சை இழுத்தார், கேட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"பின்னாடி ஜனம் நிக்கறது. நகருங்கோ" என்றார்.

பத்து வருஷம் என்னை வாடா போடா என்று கூப்பிட்ட வாய். நகர்ந்தேன்.