ஸ்கிராப் என்று சொன்னவன்

திருநாவுக்கரசு கட்டிய இயந்திரம் முதன்முதலில் வரைந்த வட்டம் கோழிமுட்டை போல இருந்தது. அவன் மனைவி வள்ளிநாயகி அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “எட்டு மாசமா உக்காந்து ஒரே ஒரு முட்ட போட்டிருக்கீங்க. அடையில வேற வெக்கணுமா?” என்றாள்.

அது தொண்ணூற்று நான்காம் ஆண்டு, மாசி மாதம். இடம், புக்கிட் பெலண்டோக்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டம். ரப்பர் என்று பெயர்தான். முக்கால்வாசி மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டாகிவிட்டது. பால்மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போன ஆயாக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டு அதன் சாவியை வாங்கிக்கொண்ட திருநாவுக்கரசு, தொட்டில்கள் தொங்கிய குறுக்குக் கம்பிக்குக் கீழே பட்டறையைப் போட்டான்.

அவனுக்குச் சம்பளம் கொடுத்த இடம் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலை. தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரம். அங்கே டூல்ரூமில் அவன் டெக்னீஷியன். கணினிக்கு எண்களைக் கொடுத்தால் இரும்பைத் தானாகச் செதுக்கும் பெரிய சிஎன்சி இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவன் வேலை. பல லட்சம் விலையுள்ள அந்த இயந்திரங்களின் வயிற்றுக்குள் கையை விட்டு விட்டு, அவனுக்கு ஓர் ஆசை முளைத்தது. மரத்தைச் செதுக்கும் சிறிய ஒன்றைத் தன் கையாலேயே கட்டிவிட வேண்டும். செரம்பானில் கட்டில் செய்யும் கடைகளுக்குப் பூவேலை செய்து கொடுக்கலாம் என்று மனைவியிடம் சொன்னான். மனத்தில் இருந்தது அதுவல்ல. வாழ்க்கையில் ஒரு பொருளாவது மயிரிழை பிசகாமல் தன் கையிலிருந்து வரவேண்டும் என்பதுதான்.

பழைய நகல் இயந்திரங்களைக் கழற்றி மூன்று மோட்டார்கள் எடுத்தான். யாரோ வேண்டாம் என்று கொடுத்த கணினி ஒன்றைத் துடைத்து ஓடவைத்தான். இரும்புக் குழாய்களை அறுத்து, துளையிட்டு, மேசைபோல ஒரு சட்டம் கட்டினான். சட்டத்தின் மேலே பாலம்போல ஒன்று முன்னும் பின்னும் ஓடும். அந்தப் பாலத்தின் மேல் செதுக்கும் கருவி இடமும் வலமும் ஓடும். இரண்டையும் நகர்த்துவது, மோட்டார் சுழற்றும் நீண்ட திருகுகள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரணத் திருகுக்கம்பி.

முட்டை அங்கேதான் உண்டானது. திருகு ஒரு பக்கம் சுழன்று மறுபக்கம் திரும்பும்போது, நட்டுக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஆட்டம் இருந்தது. மோட்டார் சுழல ஆரம்பித்த பிறகும் கருவி அரை மில்லிமீட்டர் தூரம் சும்மா நிற்கும். வட்டத்தில் திசை மாறும் நான்கு இடங்களிலும் அந்த அரை மில்லிமீட்டர் தட்டையாகத் தெரிந்தது.

மூன்று மாதம் அந்த ஆட்டத்தோடு போராடினான். கருவிக்குப் பதில் பென்சிலைச் செருகி வட்டம் வட்டமாகப் போட்டுப் பார்த்தான். இரண்டு நட்டுகளுக்கு நடுவே ஸ்பிரிங் வைத்து இறுக்கினான். ஆட்டம் குறைந்தது, மோட்டார் திணறி நின்றது. தளர்த்தினான், மோட்டார் ஓடியது, முட்டை திரும்ப வந்தது. சட்டத்தின் மூலைக்கு மூலை அளந்து, தகரத் துண்டு வைத்து நிமிர்த்தினான். எல்லாம் சரியாக இருந்தது, திருகைத் தவிர. அதற்கு மருந்து என்னவென்று அவனுக்குத் தெரியும். தொழிற்சாலை இயந்திரங்களில் இருப்பது பால்ஸ்குரூ. நட்டுக்குள் எஃகு மணிகள் உருளும். ஒரு விரலால் தள்ளினால் ஓடும். ஆட்டம் என்பதே இருக்காது. அதன் விலையில் அவன் இரண்டு மோட்டார் சைக்கிள் வாங்கலாம்.

வைகாசியில் டூல்ரூமில் ஓர் இயந்திரத்தை முழுதாகப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து மூன்றடி நீளத்தில் இரண்டு பால்ஸ்குரூக்கள் வெளியே வந்தன. கழிவுக்குப் போகும் பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டுவார்கள். பழுதுபார்த்துத் திரும்ப மாட்ட வேண்டியதற்கு மஞ்சள். அந்த இரண்டிலும் தொங்கியது மஞ்சள் அட்டை. கட்டியவனே திருநாவுக்கரசுதான்.

தெரியாமல் செய்தான் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், வேலை முடியும் நேரத்தில், அட்டைகளை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இரண்டையும் மழைச்சட்டையில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டினான்.

வாசலில் ஜாகாவாகக் காவல் இருந்தவர் வீரமுத்து. அதே தோட்டத்துக்காரர், திருநாவுக்கரசின் வீட்டிலிருந்து ஐந்தாவது வீடு. இருபத்தாறு வருடம் பால்மரம் வெட்டியவர், மரங்கள் போனபின் காக்கிச்சட்டை போட்டு இந்த வாசலுக்கு வந்திருந்தார். அவர் மனைவி ராக்கம்மா இன்னும் தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கினாள். அந்த வேலையால்தான் தோட்டம் கொடுத்த லயத்து வீடு அவர்களிடம் இருந்தது.

“என்னா தம்பி, மழ இல்லாதப்ப மழச்சட்டைக்கு என்னா வயித்துவலி, இப்படிப் படுத்துக் கெடக்கு?” என்றார் வீரமுத்து.

“ஸ்கிராப்புண்ணே.”

அந்த ஒரு சொல்தான். தொழிற்சாலையில் ஸ்கிராப் என்றால் எடைபோட்டு, சீட்டு எழுதி, லாரியில் ஏற்றுகிற பொருள். சீட்டில்லாமல் ஓர் ஆணிகூட வெளியே போகக்கூடாது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஸ்கிராப் வேறு. பட்டையில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் ஒட்டுப்பால் அது. மரம் வெட்டுகிறவர் கையால் உரித்துத் தன் சாக்கில் போட்டுக்கொள்வது. அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு நடப்பவரை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. அது அவர் பாடுபட்ட மிச்சம்.

வீரமுத்து சிரித்தார். “எந்த மரத்துல உரிச்ச? நல்லா நீளமாத்தான் வந்திருக்கு. சரி சரி, போலா. ராக்கம்மாகிட்ட சொல்லு, இன்னக்கி நான் ரெண்டாவது பஸ்ஸுல வரேன்னு.”

அவர் புத்தகத்தில் எதுவும் எழுதவில்லை. திருநாவுக்கரசு எந்தச் சொல்லைச் சொன்னால் அவர் எழுதமாட்டார் என்று தெரிந்தேதான் அந்தச் சொல்லைச் சொன்னான். வழியெல்லாம் அதை நினைக்காமல் வண்டி ஓட்டினான்.

அன்று சாயங்காலமே திருகுகளின் முனையை நான்கு அங்குலம் அறுத்துத் தன் சட்டத்துக்குப் பொருத்தினான். கணினியில் கணக்கை மாற்றினான்: முன்பு ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மில்லிமீட்டர், இனி ஐந்து. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுதும் மயிரிழைப் பிசகையும் முள்ளில் காட்டும் டயல்கேஜை வைத்து, திருகாணிகளைக் கால் சுற்று முடுக்கியும் அரைக்கால் சுற்று தளர்த்தியும், பாலத்தை நேராக்கினான். பொழுது சாயும் முன் பென்சில் ஒரு வட்டம் போட்டது. ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிந்தது. எங்கே சேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வள்ளிநாயகி ஏழு மாத வயிற்றோடு வந்து பார்த்தாள். இந்த முறை கேலி செய்யவில்லை.

புதன்கிழமை தேட ஆரம்பித்தார்கள். பழுதுபார்க்க அனுப்ப வேண்டிய இரண்டு பால்ஸ்குரூ காணோம். இயந்திரம் பிரித்தபடி கிடக்கிறது. டூல்ரூமில் ஒவ்வொருவரையும் கேட்டார்கள். திருநாவுக்கரசு, மஞ்சள் அட்டை கட்டி அலமாரியில் வைத்ததோடு சரி என்றான். திருப்பி வைத்துவிடலாமா என்று அப்போதுதான் தோன்றியது. முனை அறுத்த திருகை எப்படித் திருப்பி வைப்பது?

பிறகு வாசல் ஜாகாக்களைக் கூப்பிட்டார்கள். விசாரணையில் வீரமுத்துவின் முறை வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை மத்தியானம் யார் யார் என்ன எடுத்துப் போனார்கள் என்று கேட்டதற்கு அவர், “அந்த நேரம் நான் கொஞ்சம் கண் அசந்துட்டேன்” என்றார். வேலை நேரத்தில் தூங்கிய ஜாகாவுக்கு இரண்டாவது கேள்வி கிடையாது. காக்கிச்சட்டையை அன்றே வாங்கிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை திருநாவுக்கரசு அவர் வீட்டுக்குப் போனான். ராக்கம்மா கோயில் குழாயடிக்குப் போயிருந்தாள். வீரமுத்து வாசல்படியில் உட்கார்ந்து கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே…”

“ஸ்கிராப்புன்னு சொன்ன. நானும் ஸ்கிராப்புன்னு விட்டேன். ஹாபிஸ். முடிஞ்சிச்சி.”

“நான் நாளைக்கே போயி சொல்லிடறேண்ணே.”

“சொல்லி? என் வேலையத் திருப்பித் தருவானா? தரமாட்டான். சீட்டு பாக்காம விட்டதும் தப்புதான். ஒனக்கும் போவும். பொண்டாட்டி வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டு இருக்கு. எனக்கு என்னா, ரோட்டோரம் புல்லு வெட்டற கொந்திராக்குல ஆள் கேக்கறான்.” நகவெட்டியை மடக்கினார். “ராக்கம்மாகிட்ட மட்டும் வாயத் தொறக்காத. லயம் முழுக்க தமுக்கடிச்சிருவா. அப்பறம் நான் தூங்குனதுக்கு அர்த்தமில்லாமப் போயிடும்.”

திருநாவுக்கரசு தலையாட்டினான். அவர் சொன்னது நியாயமாக இருந்தது. தனக்கு வசதியாகவும் இருந்தது. இரண்டில் எதற்காகத் தலையாட்டினோம் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறான். பதில் எப்போதும் ஒன்றுதான்.

ஒருநாள் வீரமுத்து ஆயாக் கொட்டகைக்கு வந்தார். இயந்திரம் ஒரு கட்டில் பலகையில் தாமரை செதுக்கிக்கொண்டிருந்தது. இதழின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கீழே குனிந்து, எண்ணெய் மினுங்கிய அந்தத் திருகையும் பார்த்தார்.

“மெசினு நேரா போவுது. ஆளுதான் கொஞ்சம் கோணல்” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். திருநாவுக்கரசும் சிரித்துவைத்தான். அன்று மிச்சமிருந்த பலகையை அவனால் செதுக்க முடியவில்லை.

மகள் பிறந்தாள். செரம்பான் கடைகளிலிருந்து வேலை வந்தது. போர்டிக்சன் சாலையோரத்தில் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு புல்வெட்டும் ஆட்களைக் கடக்கும்போதெல்லாம் அவன் வண்டியின் வேகத்தைக் கூட்டினான். லயத்தில் ராக்கம்மாவின் குரல் அவன் வீடுவரை கேட்கும். “தூங்குமூஞ்சி தவுக்கே, எழுந்திருங்க மொதலாளி.” “நாற்காலியில உக்கார வெச்சி சம்பளம் குடுத்தான், அதுலயும் கொறட்ட விட்டாரு நம்ம ஆளு.” குழாயடியில் அவள் கணவன் தூங்கிய கதையைச் சொல்லப் பெண்கள் சிரிப்பார்கள். வீரமுத்துவும் கூடச் சிரிப்பார். திருநாவுக்கரசு சன்னலைச் சாத்திக்கொள்வான்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. தொண்ணூற்றாறு ஆடியில், காலை பத்தரை மணி வெயிலில், புல்வெட்டும் கருவியைத் தோளில் மாட்டியபடியே வீரமுத்து சாலையோரத்தில் சாய்ந்தார். கூட இருந்தவர்கள் அவர் ஓய்வெடுக்கிறார் என்று நினைத்தார்களாம். மாரடைப்பு என்றார்கள்.

பாடையின் முன்கொம்பைத் திருநாவுக்கரசு தூக்கினான். கருமாதிவரை பந்தல் போட்டதும் தண்ணீர் சுமந்ததும் அவன்தான். “கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்” என்று ராக்கம்மா நாலு பேரிடம் சொன்னாள். அவள் அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் அவன் எழுந்து வேறு வேலைக்குப் போனான்.

பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து, உறவுக்காரர்கள் பஸ் ஏறிய பிறகு, அவள் பின்புறம் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரே குந்தினான். வாய் திறக்காதே என்று கேட்டுக்கொண்டவர் போய்விட்டார். இனி யாருக்கும் நஷ்டமில்லை, சொல்லிவிட்டால் தன் நெஞ்சிலிருந்து அது இறங்கிவிடும் என்று நினைத்தான். மஞ்சள் அட்டை, மழைச்சட்டை, வாசல், ஸ்கிராப் என்று சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான்.

ராக்கம்மாவின் கை அண்டாவுக்குள்ளேயே நின்றது.

“அப்ப அவரு தூங்கலையா?”

“இல்லக்கா.”

“கொஞ்சம்கூடவா?”

“இல்லக்கா. என்னோட பேசிச் சிரிச்சாரு. ரெண்டாவது பஸ்ஸுல வரேன்னு ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாரு.”

அவன் எதிர்பார்த்தது வசவு. முறமோ துடைப்பமோ பறந்து வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. “அவரு செத்த அன்னக்கிக் காலையிலகூட சொன்னேன்” என்றாள். “சோத்துப் பெட்டியக் கையில குடுத்து, அங்க போயாவது முழிச்சிக்கிட்டு இருங்கன்னு சொன்னேன். சரின்னுட்டு போனாரு.”

தன் நெஞ்சிலிருந்து இறங்கியது எங்கே போய் ஏறியது என்று திருநாவுக்கரசுக்கு அப்போது தெரிந்தது. இன்னும் ஏதாவது சொல்லி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று தேடினான். “நீங்க தெரியாமத்தானே…” என்று ஆரம்பித்தான்.

“நீ பேசாத.”

அவள் கையைக் கழுவிச் சேலையில் துடைத்தாள். எழுந்து நின்றாள்.

“ரெண்டு வருசமா ஒவ்வொரு வீட்டுலயும் போயி அவரு தூங்குனாருன்னு சொல்லியிருக்கேன். எல்லா வீட்டுலயும் சிரிச்சாங்க. நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த. வா.”

“எங்கக்கா?”

“எந்த எந்த வீட்டுல நான் சொன்னேனோ அந்த வீட்டுக்கெல்லாம். நீ சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்.”

லயத்தின் முதல் வீடு தாயம்மாவுடையது. தாயம்மாவின் கணவன் அதே தொழிற்சாலையில் ஸ்டோரில் வேலை செய்தான். அங்கே சொன்னால் திங்கட்கிழமை காலைக்குள் டூல்ரூமுக்கு எட்டிவிடும். இது ராக்கம்மாவுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தன் வீட்டு வாசலில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற வள்ளிநாயகி, “எங்க போறீங்க?” என்றாள்.

ராக்கம்மா செருப்புகூடப் போடாமல் முன்னால் நடந்தாள். தாயம்மா வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. புருசனும் பெண்டாட்டியும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். துக்க வீட்டுக்காரி படியேறி வருவதைக் கண்டு இருவரும் எழுந்தார்கள்.

“உக்காருங்க” என்றாள் ராக்கம்மா. “இவரு ஒண்ணு சொல்லணுமாம்.”

திருநாவுக்கரசு வாசலில் நின்றபடியே, “வீரமுத்தண்ணன் அன்னக்கித் தூங்கல” என்று ஆரம்பித்தான்.