டோல்கேட் தாண்டினால் தெரியும்

விழுப்புரத்தில் பஸ் கிளம்பும்போது பக்கத்து இருக்கைப் பெண்மணி செல்போனில் ஏதோ ஆர்டர் போட்டார். தலையில் கனகாம்பரம், கழுத்தில் ஆபீஸ் அட்டை, முகத்தில் லாட்டரி விழுந்த சிரிப்பு. போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் விழித்து, என்னிடமே கேட்டார்.

“சார், நான் இன்னா வாங்கினேன்? என்னமோ கறுப்பா இருந்துச்சே!”

எனக்கு எப்படித் தெரியும்? அவரே சிரித்துக்கொண்டு ஆர்டரைக் கேன்சல் செய்தார்.

“எப்பவும் இப்படித்தாங்க. டோல்கேட் தாண்டியும் ஞாபகம் இருந்தா வாங்குவேன். இல்லன்னா வேணாம்.”

“ஆர்டரே போடாம இருக்கலாமே?”

“கை கேக்க மாட்டேங்குதே சார்! முன்னாடி வாங்கின வாட்சு, இயர்போனு எல்லாம் குப்பைக்குப் போச்சு. அந்த ஒயரையெல்லாம் செம்புக்காக எங்க ஏரிக்கரையில கொளுத்திக்கினு இருக்காங்க. பொகை நேரா எங்க வூட்டுக்குத்தான் வருது.”

சிரித்தபடியே திண்டிவனத்தில் இறங்கிப் போனார். மறுபடி அவரைப் பார்க்கவில்லை.

நேற்று அதே பஸ்ஸில் நானும் ஒன்று ஆர்டர் போட்டேன். டோல்கேட் தாண்டியதும் அந்தப் பெண்மணியின் கனகாம்பரம்கூட ஞாபகத்துக்கு வந்தது. நான் வாங்கிய பொருள்தான் வரவில்லை.