நிலநடுக்கம் அளக்க வந்தவர்கள்

இன்று காலை நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் வயலுக்கு இரண்டு பேர் வந்து, அப்பாவிடம் கையெழுத்துக் கேட்டார்கள்.

"நிலநடுக்க ஆய்வுங்க. ஜப்பான்ல ஊருக்கு ஊரு கருவி வச்சிருக்காங்க. நமக்கு வேணாமா?"

அப்பா பேனாவை வாங்கிவிட்டார்.

"கருவி எத்தனை வருஷம் இங்க இருக்கும்?" என்று கேட்டேன்.

"ரெண்டே நாள் சார். குழி போட்டு சின்னதா ஒரு வெடி வெப்போம். அதிர்வு பதிவானதும் எடுத்துட்டுப் போயிடுவோம்."

நான் சிவில் இன்ஜினியர். ஜப்பானில் நிலநடுக்கத்துக்காகக் கருவி வருடக்கணக்கில் காத்திருக்கிறது. இவர்கள் அதிர்வையும் கையோடு கொண்டுவருகிறார்கள். அது பூமிக்கடியில் எண்ணெய் தேடுகிறவர்களின் வேலை.

"எண்ணெயா, எரிவாயுவா? அதச் சொல்லுங்க."

"மேலதிகாரியக் கேக்கணும் சார்."

அப்பா பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "கேட்டுட்டே வாங்க தம்பி. நெலம் எங்கயும் ஓடிடாது."

பக்கத்து ஊர்க்காரர்களே, உங்களை நிலநடுக்கத்திலிருந்து காப்பாற்ற யாராவது வந்தார்களா?